மூதூர்ப் பக்கத்து இலவச காணி, சட்ட உதவி நாள்: போகலாம், ஆனால் டோக்கன் யார் கையில் என்று முதலில் பாருங்கள்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திவிட்டு பைலைத் தூக்கிக்கொண்டு போகலாம், போனால் நட்டம் ஒன்றும் இல்லை, ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். மற்றவர்கள் வாசியுங்கள், ஏனென்றால் அந்த ஒன்றரை எங்கே போனது என்பதைத்தான் நான் எழுத வந்தேன்.

விஷயம் இதுதான். சட்டத்தரணிகள் சிலர், ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர், பிரதேச செயலகத்தில் காணிப் பகுதியில் கனகாலம் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், வங்கியில் முகாமையாளராக இருந்தவர், ஒரு டாக்டர், இவர்களோடு ஊர்ப் பக்கத்துத் தலைவர்மார் என்று எல்லோரும் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு ஊரின் பல்நோக்கு மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்கிறார்கள். தலைவர்மார் என்றால் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, மீனவர் சங்கச் செயலாளர், பள்ளிவாசல் நிர்வாக சபையில் ஒருவர், கோயில் சபையில் ஒருவர், சேருவில பக்கமிருந்து விகாரைக்கு உதவும் ஊரவர்களின் தாயக சபையில் ஒருவர். மூன்று சமூகமும் ஒரே வரிசையில் நின்று ஒரே பிளேன்டீயைக் குடிப்பதை எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, வெளியே நான் அதிகம் பார்த்ததில்லை. அமைப்பின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. நல்லதும் கெட்டதும் சேர்த்து எழுதப்போகிறேன், நோட்டீஸ் கண்டவர்களுக்கு யார் என்று தெரியும்.

நான் போனது பெரியம்மாவின் காணிக்காக. சம்பூர்ப் பக்கத்துக் காணி விவகாரம் வெளியூர்க்காரருக்கு விளங்குவது கஷ்டம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006 ஏப்ரலில் யுத்தத்தால் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனைச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. அடுத்த வருசம் அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் வந்தது, பிறகு விசேட பொருளாதார வலயம், நிலக்கரி மின்நிலையம் என்று ஒன்றன் மேல் ஒன்றாகப் பெயர் ஏறிக்கொண்டே போனது. சனம் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் முகாமில் கிடந்தது. 2015ல்தான் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது, அடுத்த வருசம் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. திரும்பி வந்தவர்களில் எத்தனையோ பேரிடம் வேலிக்கட்டையும் இல்லை, அரச காணிக்குக் கொடுக்கும் பேர்மிட்டும் இல்லை. பெரியப்பா முகாமிலேயே போய்விட்டார். பெரியம்மாவிடம் இருந்தது ஒரு நிவாரண அட்டையும், எல்லை எங்கே என்ற ஞாபகமும்தான்.

இப்படிப்பட்ட பைலோடு ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். ஆவணத்தைக் கொண்டுவாருங்கள் என்பார்கள். பிரதேச செயலகத்துக்குப் போனால் சட்டத்தரணியின் கடிதத்தைக் கேட்பார்கள். சங்கத் தலைவரிடம் போனால் "அதெல்லாம் மேல கதைச்சிருக்கிறம்" என்பார், அந்த மேலே எங்கே என்று கேட்கக் கூடாது. மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே கரைகிறது என்பதுதான் இந்தச் சேவையின் முழு யோசனையும். அது வேலை செய்கிறது என்பதை நான் கண்ணால் கண்டேன்.

எங்கள் மேசையில் இருந்தது கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்த இளம் சட்டத்தரணி மிஸ். கெட்டிக்காரி, மரியாதையாகக் கதைக்கிறவர். ஆனால் பேர்மிட்டும் இல்லை, பிரதியும் இல்லை என்றதும் அவருக்குக் கை ஓடவில்லை. "அம்மா, கையில ஒரு கடதாசியும் இல்லாம நான் எதை வச்சு எழுதுறது?" என்றார். பக்கத்தில் இருந்த சங்கத் தலைவர் அண்ணா, பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றவர், கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டார். "மிஸ், கடதாசி இவவிடம் இல்லை, ஆனா வேற இடங்கள்ல இருக்கு" என்று தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னார்: இடம்பெயர முதல் எடுத்த வாக்காளர் இடாப்பு, இவவின் மகள் படித்த பள்ளிக்கூடத்தின் அனுமதி இடாப்பில் இருக்கும் முகவரி, கமநல சேவை நிலையத்தில் வயல் காணிப் பதிவு, ஏக்கர்வரி கட்டிய பழைய ரசீது வைத்திருக்கும் பக்கத்து வயல்காரர், அந்த வயல் கண்டத்தில் தண்ணீர் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையாக இருந்து இப்போது தோப்பூரில் மகளோடு இருக்கும் பெரியவர். மிஸ் எழுதிக்கொண்டே இருந்தார். காணிப் பகுதி ஐயா நடுவில் புகுந்து, பிரதேச செயலகத்துப் பேரேட்டில் துண்டு இலக்கத்தை எப்படித் தேடச் சொல்லிக் கேட்பது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். வட்டவிதானையாரிடமிருந்து சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்) வாங்கும் யோசனையும் அந்த மேசையிலேயே பிறந்தது. தனித்தனியாகப் போயிருந்தால் இந்த மூன்று பேரின் அறிவும் ஒரு பைலுக்குள் ஒருநாளும் வந்திருக்காது.

எதிர்த்திசையிலும் நடந்தது, அதுவும் எனக்குப் பிடித்தது. அதே தலைவர் அண்ணா எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பத்துக்கு, "பேர்மிட் காணி ஆம்பிளைப் பிள்ளைக்குத்தானே போகும்" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் நம்புகிற விஷயம்தான், காரணமும் உண்டு: 1935ம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை, பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால், அட்டவணையில் ஆண்பிள்ளைகள்தான் முன்னுக்கு இருந்தார்கள். மிஸ் அவரை நிறுத்தி, 2022ல் அது திருத்தப்பட்டுவிட்டது, ஆண் பெண் பேதமில்லாமல் மூத்த பிள்ளைக்கு முன்னுரிமை என்று போனில் திருத்தச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். அண்ணாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு அவரே மைக்கை வாங்கி அதை மண்டபத்துக்கு அறிவித்தார். ஒரு சட்டத்தரணி சொன்னால் கருத்தரங்கு, தலைவர் சொன்னால் ஊர் கேட்கும். கொழும்பில் அச்சடித்த எத்தனை துண்டுப் பிரசுரம் செய்யாத வேலை அது.

கடன் மேசையைப் பற்றிக் கட்டாயம் எழுதவேண்டும், அதுதான் அங்கே இருப்பதில் திறமான மேசை. வங்கியில் இருந்த சேர் கல்குலேட்டரும் ஒரு சிவப்புப் பேனையும் வைத்திருப்பார், வேறொன்றும் இல்லை. பக்கத்தில் மாதர் சங்கத் தலைவி ராத்தா. நுண்கடன் எங்கள் பக்கத்துப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை, கிழமைக்குக் கிழமை லோன் பொடியன் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்றைக்குப் பெரிய வகுப்பில் படிக்கிறார்கள். 2018ல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது, திருகோணமலையும் அதில் இருந்தது. அதே வருசம் டிசம்பரில் மத்திய வங்கி நுண்கடனுக்கு 35 வீத உச்ச வட்டியும் விதித்தது. இதெல்லாம் பேப்பரில் வந்தது. ஆனால் தன் கையில் இருக்கும் கடன் புத்தகம் உண்மையில் எத்தனை வீதம் என்று பார்க்க ஒருவரும் சொல்லித்தரவில்லை.

சேர் செய்வது அதைத்தான். 50,000 ரூபாய் கடன், வருசத்துக்கு 24 வீதம், கிழமைத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,000 வட்டி, மொத்தம் 62,000, அதை 52ஆல் பிரித்தால் கிழமைக்கு 1,192 ரூபாய் சொச்சம். 24 வீதம்தானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள், வட்டி மட்டும் கடைசிவரை முழு 50,000க்கும் போட்டது. நிலுவையில் இருக்கும் காசுக்குக் கணக்குப் பார்த்தால் அது 40 வீதத்தையும் தாண்டுகிறது. காப்புறுதி, சேமிப்பு என்று கடன் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வது தனி. இதைச் சிவப்புப் பேனையால் அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டுவார். ஒப்பந்தப் பிரதி கையில் இல்லாதவர்களுக்கு அதை எழுத்தில் கேட்கச் சொல்லி ஒரு மாதிரிக் கடிதமும் உண்டு.

ராத்தாவின் வேலை அதற்குப் பிறகு. குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் அவளோடு கோபிப்பார்கள், அதுதான் அந்தக் கடனின் கயிறே. ராத்தா அந்த நாலு பேரையும் வரச்சொல்லி ஒன்றாக உட்காரவைத்துக் கதைக்கிறார். கணக்கு சேரின் வேலை, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது ராத்தாவின் வேலை. ஒருவர் இல்லாமல் மற்றவரால் அரைவாசிதான் முடியும். இந்த மேசைக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன்.

தகவல் அறியும் உரிமை மேசையில் இருந்தது பல்கலைக்கழகம் முடித்த இரண்டு பிள்ளைகள். 2016ம் ஆண்டின் 12ம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3ல் நடைமுறைக்கு வந்தது, ஆனால் இன்றைக்கும் அரச அலுவலகத்தில் போய் ஒரு தகவலைக் கேட்டால் குற்றம் செய்தவனைப் போலப் பார்ப்பார்கள் என்ற பயம் ஊரில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் படிவத்தை நிரப்பித் தருவார்கள், படிவம் இல்லாமல் வெறும் கடிதத்திலும் கேட்கலாம் என்பதையும் சொல்வார்கள். கொடுத்த உடனே எழுத்தில் ஏற்புத் துண்டு வாங்கு, 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு என்று வரிசையாக ஒரு தாளில் எழுதித் தருகிறார்கள். தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பதில் வரவேண்டும். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு நானா பாலம், வீதி ஒப்பந்தங்களைப் பற்றிக் கேட்க ஒரு கட்டுத் தாளோடு வந்திருந்தார். குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டுகிறோம் என்றுவிட்டு, அது முடியும்வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளை இழுவைப் படகில் ஏற்றிய கதை 2021 நவம்பர் 23ல் படகு கவிழ்ந்து உயிர்ப்பலியில் முடிந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு பொறியியலாளரும் ஊர்த் தலைவர்மாரும் அந்தப் படகுக்கு முன்னால் ஒன்றாக நின்று, இதில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுத்தில் கேட்டிருந்தால் என்று அந்த நானா சொன்னபோது அந்த மேசையில் கொஞ்ச நேரம் பேனை ஓடவில்லை. பொறியியலாளர் ஒருவரையும் குழுவில் சேர்க்கவேண்டும் என்பது அவர் எழுதிக் கொடுத்த யோசனை, நானும் அதையே சொல்கிறேன்.

டாக்டர் மேசை பரவாயில்லை. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கான படிவம், பிரஷர் பார்ப்பது, அவ்வளவுதான். திரை ஒன்று கட்டியிருக்கலாம்.

சரி, இனிக் குறைகளுக்கு வருகிறேன்.

டோக்கன். காலையில் போய் வரிசையில் நின்றால் டோக்கன் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஒவ்வொரு ஊருக்கும் இத்தனை என்று பிரித்து, பட்டியலைத் தலைவர்மாரிடமே முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ஏற்பாட்டுக்காரர் பக்கம் இதற்கு ஒரு நியாயம் உண்டு, கூட்டம் தள்ளுமுள்ளாகாது, யாருக்கு உண்மையில் தேவை என்று தலைவருக்குத் தெரியும். யாருக்குத் தேவை என்று தலைவருக்குத் தெரியும்தான். தங்கள் பிரச்சினை தலைவருக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறவர்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அக்கா ஒருவர் நின்றார், கையில் கைக்குழந்தை. பட்டியலில் பெயர் இல்லை. "உங்கட சங்கத்தில இருந்து உங்கட பேர் வரல்லையே" என்று பதிவு மேசைத் தம்பி சொன்னான். அவர் சங்கத்துக்குச் சந்தா கட்டியதில்லை, ஏனென்றால் அந்தச் சங்கம் அவர் இருக்கும் குடிசைத் தெருவை இன்னும் ஊர்க் கணக்கில் சேர்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கொழும்பு மிஸ் தன் சோற்றுப் பார்சலை ஓரமாக வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டுக் கேட்டார், அது அந்த மிஸ்ஸின் நல்ல மனம். சேவையின் விதியில் அந்த அக்காவுக்கு இடம் இல்லை.

பந்திக்கு முந்து என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள், ஆனால் இங்கே பந்தியில் யார் உட்காருவது என்பதை வீட்டுக்காரர் தீர்மானிப்பதில்லை, வாசலில் நிற்கிறவர் தீர்மானிக்கிறார். வாடகைக்கு இருப்பவர்கள், கோயில் சபையில் இடமில்லாத தெருக்காரர், மறுமணம் செய்ததால் ஊரோடு கதை இல்லாத பெண், கடந்த தேர்தலில் தலைவருக்கு எதிர்ப்பக்கம் நின்ற குடும்பம், பாட்டாளிபுரம் போன்ற இடங்களில் சங்கக் கூட்டம் என்றாலே பின்வரிசையில் நிற்கப் பழகிய சனம், இவர்களெல்லாம் அந்தப் பட்டியலில் எங்கே? சமத்துவத்துக்காக என்று பெரிய எழுத்தில் பேனர் கட்டியிருக்கிறார்கள். தொழில்காரர்கள் ஊரை அறியாதவர்கள், அதனால் தலைவர் சொல்வதையே ஊர் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். தலைவர்மார் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை, எங்கள் அண்ணா இல்லாமல் பெரியம்மாவின் பைல் ஒரு அடி நகர்ந்திருக்காது. ஆனால் நாங்கள் பட்டியலில் இருந்ததே அண்ணாவுக்கும் பெரியப்பாவுக்கும் பழைய சிநேகம் என்பதால்தானே.

தீர்வு பெரிய விஷயமும் இல்லை. டோக்கனில் பாதியை வாசலில் வருகிறவர்களுக்கு விட்டுவைக்கலாம். இன்னொரு பங்கைக் குடும்பநல உத்தியோகத்தர் வழியாகக் கொடுக்கலாம், கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்க ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிறவர் அவர்தான், எந்தச் சங்கத்திலும் இல்லாத வீடும் அவருக்குத் தெரியும். இதைக் கருத்துப் படிவத்தில் எழுதியும் போட்டேன்.

இரண்டாவது குறை இதைவிடப் பாரதூரமானது. குடும்பப் பிரச்சினை மேசையிலும் தலைவர்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். காணிக்கும் கடனுக்கும் அது பலம், இங்கே அது பூட்டு. புருசன் அடிக்கிறான் என்று சொல்ல வந்த பெண்ணுக்கு எதிரே புருசனின் மச்சானோ சித்தப்பாவோ உட்கார்ந்திருந்தால் அவள் அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவு மேன்முறையீட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவாள். அப்படி ஒரு பிள்ளை எழும்பிப் போனதை நான் பார்த்தேன், வெளியே மரத்தடியில் மாதர் சங்க ராத்தாவிடம்தான் விஷயத்தைச் சொன்னாள். 2005ம் ஆண்டு 34ம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் நேரடியாகப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அதற்கு ஊரில் ஒருவருடைய சம்மதமும் தேவையில்லை. பெண்களுக்கான 1938 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தை மண்டபச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கலாம், பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டினால் இன்னும் நல்லது. அந்த மேசையை மட்டும் தனி அறைக்குக் கொண்டுபோய், பெண் சட்டத்தரணியும் பெண் ஆலோசகரும் மட்டும் இருக்கச் செய்யவேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும், முஸ்லிம் பெண்களின் தாபரிப்புக் காசு (புருசன் கொடுக்கவேண்டிய செலவுக் காசு) விஷயத்தில் கணக்கு வேறு. முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதி முன்னிலையில் சட்டத்தரணி ஆஜராக முடியாது, காதியாகப் பெண் ஒருவரும் இல்லை. அங்கே கூட வந்து நிற்கக்கூடிய ஆள் தேவை, அதைப் பள்ளிவாசல் சபையிலிருந்து வந்த நானா ஒருவர் முகம் சுளிக்காமல் செய்கிறார், விண்ணப்பத்தைச் சட்டத்தரணி முன்கூட்டி எழுதிக் கொடுக்கிறார். எந்த மேசையில் தலைவர் உட்காரவேண்டும், எதில் எழும்பவேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்தச் சேவைக்கு நான் நாலரை கொடுத்திருப்பேன்.

மூன்றாவது, தொடர்ச்சி. ஒவ்வொரு மாதமும் வரும் சட்டத்தரணிகள் மாறுகிறார்கள். போன முறை கொழும்பு மிஸ் எழுதியதை அடுத்தமுறை வந்த சேர் வாசிக்கவே இல்லை, பெரியம்மா 2006லிருந்து மறுபடி தொடங்கினார். வயது போனவர்களை இடம்பெயர்ந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது லேசான விஷயமில்லை. பைல் இலக்கம் கொடுக்கிறார்கள், ஆனால் பைல் யாருடைய அலுமாரியில் இருக்கிறது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஒரு ஊருக்கு ஒரு ஆள், அந்த ஊர்ப் பைலுக்கு அவர் பொறுப்பு என்று வைத்தால் போதும். ஊரிலேயே படித்த பிள்ளைகள் எத்தனை பேர் வேலை இல்லாமல் இருக்கிறார்கள்.

அப்புறம் அந்தத் திறப்பு விழா. மாதாமாதம் நடக்கிற காரியத்துக்கு மாதாமாதம் குத்துவிளக்கு. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, போட்டோ. தொழில்காரர் தலைவரைப் புகழ, தலைவர் தொழில்காரரைப் புகழ, விடிய நாலு மணிக்கு எழும்பி வெருகலிலிருந்து வந்த சனம் கைதட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பத்துப் பதினைந்து பைல் பார்த்திருக்கலாம். பின்னேரம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கடைசி டோக்கன்காரர் பார்க்காமலே போகிறார்கள். பொன்னாடைக் காசுக்கு ஒரு வான் பிடிக்கலாம்.

மற்றச் சேவைகளோடு ஒப்பிட்டால்? பிரதேச செயலகங்கள் நடத்தும் நடமாடும் சேவை அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பதிவுத் திருத்தம் போன்ற வேலைக்கு இதைவிட விரைவு, எல்லாத் திணைக்களமும் முத்திரையோடு வருகின்றன, அதனால் வெறும் சான்றிதழுக்காக இங்கே வந்து டோக்கனைப் பிடிக்காதீர்கள். வழக்கே போடவேண்டும், வருமானம் குறைவு என்றால் நேராகச் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போவது நல்லது, 1978ம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அரச அமைப்பு, வழக்கைக் கடைசிவரை அவர்களே கொண்டுபோவார்கள். வேலித் தகராறு, சின்னக் கொடுக்கல் வாங்கல் என்றால் மத்தியஸ்த சபை போதும். பொலிசோ வேறு அரச அலுவலகமோ உங்கள் அடிப்படை உரிமையில் கைவைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் நகரத்திலேயே இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாத, ஒரே பைலுக்குள் காணியும் கடனும் மரணச் சான்றிதழும் சிக்கிக் கிடக்கிற சனத்துக்குத்தான் இந்த நாள் பொருத்தம். எங்கள் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பைல்கள்தான் கனக்க.

பெரியம்மாவின் கதை எந்த மட்டில் என்று கேட்பீர்கள். பேரேட்டில் பெரியப்பாவின் பெயர் கிடைத்துவிட்டது, துண்டு இலக்கமும் சரி. மனைவி என்ற முறையில் அவர் இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமைக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, எல்லையை அளக்க இன்னும் வரவில்லை. காணிப் பகுதி ஐயா தன் சொந்தப் போனில் இரண்டு கிழமைக்கொருமுறை எடுத்து விசாரிக்கிறார், அது சேவையின் விதியில் இல்லாத இன்னொன்று.

போகிறவர்களுக்கு: எல்லாவற்றிலும் இரண்டு போட்டோகொப்பி எடுத்துப் போங்கள், மண்டபத்துக்குப் பக்கத்துக் கடையில் மெசின் பாதி நேரம் பழுது. முகாம் அட்டை, பழைய கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம், கிழிந்தது என்று எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கிழமை முதலே உங்கள் சங்கத்தில் கேளுங்கள், இல்லை என்றாலும் போங்கள், போய்ப் பதிவு மேசையில் பெயரை எழுதச் சொல்லி நில்லுங்கள், இப்படி நிற்கிறவர்கள் கூடினால்தான் அவர்கள் அந்த விதியை மாற்றுவார்கள். சத்தியக்கடதாசி இருந்தால் சமாதான நீதவானின் கையெழுத்தை ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள், அங்கே வருகிற ஜேபி ஐயா பொன்னாடை போர்த்தி முடிந்த பிறகுதான் பேனையை வெளியே எடுப்பார்.